கப்பலேறிய பாட்டில் கிரீன்

ஏப்ரல் 20, ஞாயிறு

தாரணி காலையிலேயே வாய்ஸ் மெசேஜில் சட்டம் போட்டுவிட்டாள். ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி. மூன்று பேண்ட், ஐந்து மேல்சட்டை, ஒரு சால்வை, ஒரு ஜோடி ஷூ. எல்லாம் கசங்காத துணியாக இருக்க வேண்டும். ராத்திரி வாஷ்பேசினில் அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்க வேண்டும். முக்கியமாக, எதை எடுத்தாலும் எதோடும் சேர வேண்டும். அப்படிப்பட்ட ஒன்றை இந்த ஐம்பத்திரண்டு வயதுவரை நான் துணியிலும் பார்த்ததில்லை, சொந்தபந்தத்திலும் பார்த்ததில்லை.

தாரணி எங்கள் ஒரே மகள். ஐரோப்பாவில், ராட்டர்டாமில் வேலை. மே மாதக் கடைசியில் எங்களைப் பார்சிலோனாவில் கப்பல் ஏற்றி, ஒரு வாரம் மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டப் போகிறாள். எனக்காக இல்லை, அவள் அப்பாவுக்காக. டிசம்பரில் பிரான்சுக்குப் போக வேண்டிய டீ-ஷர்ட் ஆர்டர் மொத்தமும் ரிஜெக்ட் ஆனது. எங்கள் பனியன் கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. அன்றிலிருந்து இந்த மனிதர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும்தான் பயணம் செய்கிறார். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்த்தார்கள். டைரியில் எழுதலாம்: குழந்தைவேலு. இப்போது தாடியும் வைத்துக்கொண்டு பெயருக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கிறார்.

கடைவீதிவரை வரச் சொன்னால் வராதவரைக் கடல் தாண்டிக் கூப்பிடுகிறாள் மகள். அவர் பழையபடி எழுந்து நடமாடி, நாலு பேரைத் திட்டினால் போதும். அதற்குக் கப்பலானால் என்ன, காங்கயம் டவுன் பஸ்ஸானால் என்ன.

மொட்டை மாடிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினேன். குரங்கு வருகிறது.

ஏப்ரல் 24, வியாழன்

அலமாரியைக் குடைந்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் உடுத்திவிட்டுப் பார்க்கும் திருப்பூரில், பனியன் கம்பெனிக்காரன் பெண்டாட்டியின் அலமாரியைப் பார்த்தால் கண்ணில் ரத்தம் வரும். துணி காசு கொடுத்து வாங்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. சரக்கு எடுக்கும் வெளிநாட்டுப் பையர் வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் வீட்டுக்கு வரும். என் நைட்டிகளில் ஒன்றுக்குப் பாக்கெட் தலைகீழாக இருக்கிறது. நடைப்பயிற்சிக்குப் போடும் பேண்டில் ஒரு கால் நீளம். இத்தனை வருடமாக என் கால்தான் கோணல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறையாவது முதல் தரத் துணி உடுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. அதற்கு ஐரோப்பா வாய்த்திருக்கிறது.

வராண்டா முழுக்க அட்டைப்பெட்டி. எல்லாம் அந்த டிசம்பர் டீ-ஷர்ட். பாட்டில் கிரீன் கலர், கரும்பச்சை. உடம்புத் துணி ஒரு தடவையும் கைத்துணி இன்னொரு தடவையுமாகச் சாயம் ஏறியிருக்கிறது. வெயிலில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கலர். கடைகளில் போடுகிற டியூப்லைட்டில் பார்த்தால் கை மட்டும் கொஞ்சம் நீலம் அடிக்கிறது என்று பையரின் செக்கிங் ஆள் சொல்லிவிட்டான். இதைப் பார்க்கத்தான் ஒவ்வொரு கம்பெனியிலும் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு, உள்ளே விதவிதமான பல்புகள். எங்கள் பெட்டியில் கடை வெளிச்சத்துக்கான பல்பு ஃபியூஸ் ஆகிக் கிடந்தது. மாற்றச் சொன்னவர்களிடம் இவர் சொன்ன பதில், “சூரியன விடப் பெரிய பல்பு எவன் வெச்சிருக்கான்?” துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்து, ஓகே என்று கையெழுத்துப் போட்டார். முப்பது வருடமாக அப்படித்தான் பார்க்கிறார்.

இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அங்கே வியாபாரம் மந்தம், ஷேடு வித்தியாசம் என்பது ஒரு சாக்கு என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர். விடியற்காலையில் ஒரு டீ-ஷர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டு மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிற்பார். கீழேயே பார்த்துக்கொண்டு நிற்பார். இப்போது கதவு பூட்டியிருப்பதால் போவதில்லை. சாவி எங்கே என்று கேட்டார். குரங்கைப் பற்றிச் சொன்னேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எதிர்வீட்டுக் கலாமணி அக்கா ஆலோசனை சொல்ல வந்தார். மூன்று வருடத்துக்கு முன் பத்து நாள் ஐரோப்பா போனவர். திரும்பி வந்ததிலிருந்து நம் ஊர்ப் பால் தண்ணியாக இருக்கிறது, ரோடு கோணலாக இருக்கிறது. உள்ளே போட்டுக்கொள்ளும் கம்பளி உடுப்பு மூன்று செட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மே மாதம் அங்கே வெயில் காலம் என்றேன். “நீ போயிருக்கியா, நானு போயிருக்கனா?” என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

சுவிட்சர்லாந்து ஹோட்டலில் நைட்டிக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு அக்கா காலைப் பலகாரத்துக்கு இறங்கிப் போன கதையை அவரே சொல்லமாட்டார். கூடப் போன நால்வர் தனித்தனியாக வந்து எனக்குச் சொல்லிவிட்டார்கள். போட்டோவும் இருக்கிறது.

போகும்போது குரலைத் தாழ்த்தி, “அவரு எப்படி இருக்காரு?” என்றார். ஜம்மென்று இருக்கிறார், பயணத்துக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறார் என்றேன். அக்கா வராண்டாவில் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 4, ஞாயிறு

கோயமுத்தூர் போய்த் துணி எடுத்தேன். தனியாகத்தான். அவரைக் கூப்பிட்டேன், கண்ணை மூடிக்கொண்டார்.

பெரிய மாலில் ஒரு சின்னப் பெண் எனக்குக் கால் அகலமான பலாசோ பேண்டுகளாக எடுத்துப் போட்டாள். சைஸ் கேட்டாள். உண்மை சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு, ஆனால் ஜவுளிக்கடையில் கிடையாது. எக்ஸ்எல் என்றேன். டிரையல் ரூமுக்குள் முதல் பேண்ட் முழங்காலைத் தாண்டி வந்து இடுப்புக்குக் கீழே நின்றுவிட்டது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. உள்ளே ஒற்றைக் காலில் தவம். வெளியே அந்தப் பெண், “ஆன்ட்டி, ஃபிட்டிங் எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொருத்தமாக இருக்கிறது, கழற்றவே மனமில்லை என்றேன். அதில் பொய்யும் இல்லை.

கடைசியில் இரண்டு சைஸ் மேலே போய்க் கறுப்பில் ஒன்று, சாம்பலில் ஒன்று, ஐந்து குர்தா. ஒவ்வொன்றிலும் தையலை விரித்து இழுத்து, இரண்டு கையையும் சேர்த்து வைத்து அளந்து, கடைசிவரை செக்கிங் செய்துதான் வாங்கினேன். கடைக்காரப் பெண் பயந்துவிட்டாள். எல்லாம் முதல் தரம். ஒரு பிசகு இல்லை.

வீட்டுக்கு வந்து அவர் முன்னால் விரித்துக் காட்டினேன். விரலால் ஒரு குர்தாவின் ஓரத்தைத் தொட்டார். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். கையை எடுத்துக்கொண்டார்.

மே 8, வியாழன்

தாரணியோடு பெரிய சண்டை.

கப்பலில் ஒரு சாயங்காலம் வெள்ளை விருந்தாம். எல்லோரும் வெள்ளை உடுத்த வேண்டுமாம். “உனக்கு ஒரு வெள்ளைச் சேலை எடுத்துக்கோம்மா, நல்லா இருக்கும்” என்றாள். நான் எதுக்குடி வெள்ளைச் சேலை எடுக்கோணும், எனக்கு என்ன வந்தது என்று கத்தினேன். எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. கலாமணி அக்கா எதிர்வீட்டு ஜன்னலைத் திறந்தார் என்றால் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் எப்போது வெள்ளை கட்டுவாள் என்பது அவளுக்குத் தெரியாதா? ஏழு வருடம் ஐரோப்பாவில் இருந்தால் மறந்துபோகுமா?  பிறகு, சரிம்மா, கலர்ச் சேலையே கட்டு, யாரும் கேட்கமாட்டார்கள் என்றாள்.

அடுத்த சண்டை அறையைப் பற்றி. பால்கனி வைத்த அறை போட்டிருக்கிறாள். அதை மாற்றி, ஜன்னலே இல்லாத உள் அறை போடச் சொன்னேன். எனக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளாது, சளி பிடிக்கும். இதைவிட நல்ல அறை கிடைக்கவே கிடைக்காது, அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும் என்றுதானே போட்டேன் என்றாள். கடலை ஏன் பார்க்க வேண்டும்? டிவி இருக்காதா? என்றேன்.

 “மாத்தறேம்மா” என்றாள். இப்படி மேற்கொண்டு வாதாடாமல் அவள் ஒத்துக்கொண்டது, அவள் பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

மே 13, செவ்வாய்

ஷூ வாங்கினேன். சேலைக்குக் கீழே இரண்டு வெள்ளைப் பன்றிக்குட்டி எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

மே 18, ஞாயிறு

இன்று எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது.

சின்னப் பெட்டிச் சட்டத்தை நான் மதிக்கவில்லை. பெரிய பெட்டி ஒன்றை எடுத்து வைத்து, கோயமுத்தூர்த் துணியோடு எட்டுச் சேலையையும் அடுக்கினேன். சேலையைப்போலப் பல வேலைக்கு உதவும் துணி வெள்ளைக்காரனிடம் எது இருக்கிறது? கட்டலாம், போர்த்தலாம், ஜன்னலுக்குத் திரை போடலாம், பெட்டி பூட்டு உடைந்தால் சுற்றிக் கட்டலாம். அடுக்கியதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர், திடீரென்று எழுந்து வந்தார்.

“என்ன புள்ள இது, மடிப்பா? காட்டு, நான் கட்டறேன்.”

டிசம்பருக்குப் பிறகு அவராக எழுந்து செய்கிற முதல் உருப்படியான காரியம்.  அவர் பேக்கிங்கில்தான் தொழிலை ஆரம்பித்தவர், ஒரு பெட்டிக்குள் அவர் அடுக்கினால் ஊசி போக இடம் இருக்காது. நீங்களே கட்டுங்க என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். உள்ளேயிருந்து டேப் கிழிக்கிற சத்தமும் துணியைத் தட்டித் தட்டி நீவுகிற சத்தமும் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடுப்படியில் நின்று ஒரு தேங்காயை முழுதாகத் துருவிவிட்டேன். இரண்டு பேருக்கு எதற்கு ஒரு தேங்காய் என்று பிறகுதான் தோன்றியது.

பெட்டியைத் திறந்து சரிபார்க்கவில்லை. சரிபார்த்தால் கோபித்துக்கொண்டு மறுபடி நாற்காலிக்குப் போய்விட்டால்?

சவரமும் செய்துகொண்டார்.

மே 23, வெள்ளி. பார்சிலோனா

கோயமுத்தூரில் ஏறி, இரண்டு விமானம் மாறி, கால் வீங்கி வந்து சேர்ந்தோம். தாரணி விமான நிலையத்திலேயே அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் கைப்பையோடு நின்றேன்.

ஹோட்டலில் குளித்துவிட்டு, முதல் தரக் குர்தா ஒன்றை எடுத்துப் போடலாம் என்று பெட்டியைத் திறந்தேன்.

பாட்டில் கிரீன்.

மேலே பாட்டில் கிரீன், கீழே பாட்டில் கிரீன், பக்கவாட்டில் பாட்டில் கிரீன். நாற்பது டீ-ஷர்ட், ஒரு அட்டைப்பெட்டிக்கு உரிய முழுச் சரக்கு. சைஸ் விகிதம்கூடத் தப்பவில்லை, சிறிசு கொஞ்சம், நடு சைஸ் நிறைய, பெரிசு கொஞ்சம். ஓரமாக அவருடைய இரண்டு வேட்டி சட்டை, என்னுடைய ஒரே ஒரு சேலை (கட்டி வந்ததோடு சேர்த்தால் இரண்டு), நைட்டி, உள்ளாடை. கோயமுத்தூர்த் துணி ஒரு நூல் இல்லை. அத்தனையும் திருப்பூரில் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறதாம். பத்திரத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

நான் என்ன பேசினேன் என்று எழுதமாட்டேன். தாரணி பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தாள். அவர் மட்டும் பதறவில்லை.

“இந்த ஊர்க் கடையில தொங்க வேண்டிய துணி, புள்ள. இந்த ஊரு லைட்டுல வெச்சு ஒருக்கா பாக்கோணும். மார்சேய்ல நம்ம பையரோட கடை இருக்குது. கப்பலு அங்க நிக்குதுல்ல?”

அதற்கு ஒரு டீ-ஷர்ட் போதாதா என்றேன்.

“ஒரு பீஸ வெச்சு யாராச்சும் முடிவு சொல்லுவாங்களா? பெட்டியப் பிரிச்சுப் பாக்கறதுதான் செக்கிங்.”

தாரணி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள். அப்பா எதற்கு இந்தப் பயணத்துக்குச் சம்மதித்தார் என்று இப்போதுதான் புரிகிறது என்றாள். அந்தக் கடை வெளிச்சத்தில் கலர் சரியாக இருந்தால் பரவாயில்லை, சரியாக இல்லை என்றால் அவர் என்னம்மா ஆவார் என்றாள். எனக்கு உடுத்த துணி இல்லை, அதைப் பற்றி முதலில் பேசு என்றேன்.

மே 24, சனி. கப்பல்

கப்பல் என்று சொல்கிறார்கள். கோயமுத்தூர் காந்திபுரத்தைத் தூக்கித் தண்ணீரில் வைத்த மாதிரி இருக்கிறது. எங்கள் அறை ஜன்னல் இல்லாமல் பத்திரமாக இருக்கிறது.

சாயங்காலம் எல்லோரும் மேல்தட்டுக்குப் போனார்கள். கைப்பிடிக் கம்பி என் மார்பு உயரம்தான் இருக்கிறது. இத்தனை பணம் வாங்குகிறவர்கள் இன்னும் கொஞ்சம் உயரமாக வைத்தால் என்ன? அவருக்கும் கம்பிக்கும் நடுவில் நின்றுகொண்டேன். கடல் தெரியவில்லை, தள்ளு என்றார். எனக்குத் தலை சுற்றுகிறது, உங்கள்மேல் சாய்ந்துகொள்கிறேன் என்றேன். கல்யாணமான புதிதில்கூட இப்படிச் சாய்ந்ததில்லை. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவி எங்களைப் பார்த்துப் பூரித்துப்போய்ப் போட்டோ எடுத்துக் கொடுத்தாள்.

மே 25, ஞாயிறு. மார்சேய்

கப்பலிலிருந்து இறங்கும்போதே மஞ்சள் பையோடு இறங்கினார். அதற்குள் ஆறு டீ-ஷர்ட். முப்பது வருடமாக அட்டைப்பெட்டிமேல் இந்த ஊர்ப் பெயரை அச்சடித்து அச்சடித்து அனுப்பியவர், இந்த ஊர் மண்ணில் முதல் தடவையாகக் கால் வைக்கிறார். துறைமுகத்தில் நின்று, “நம்ம பெட்டியெல்லாம் இங்கதான் எறங்கும்” என்று மட்டும் சொன்னார்.

தாரணி வழி பார்த்து அழைத்துப்போனாள். கண்ணாடி மாளிகைபோல ஒரு கடை. அவளுக்கு ஆபீசிலிருந்து போன் வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். நானும் அவரும் மட்டும் உள்ளே போனோம். இரண்டு சேலையில் ஒன்றைக் கட்டி, அதற்குக் கீழே வெள்ளைப் பன்றிக்குட்டிகளோடு நான். வேட்டி சட்டையில் மஞ்சள் பையோடு அவர்.

நேராக டீ-ஷர்ட் அடுக்கின இடத்துக்குப் போய், மேலே டியூப்லைட்டைப் பார்த்து இடம் பிடித்து நின்று, பையிலிருந்து ஒன்றை உருவினார். உதறி விரித்தார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. எங்கள் ஊர்க் கண்ணுக்கு அது செக்கிங். அங்கே சுவரோரம் நின்றிருந்த காவலாளிக்கு, ஒரு வேட்டிக்காரர் கடைத் துணியைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்க்கிறார். அவன் வந்து ஒரு டீ-ஷர்ட்டை வாங்கிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். லேபிள் இல்லை, வெட்டி எடுத்திருந்தது. ரிஜெக்ட் சரக்கில் பையர் பெயர் இருக்கக் கூடாது என்று ஊரிலேயே எல்லாவற்றையும் வெட்டிவிடுவோம். அவனுக்கு அது தெரியுமா? பையைப் பிடித்துக்கொண்டான். பில் கேட்டான்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அந்த நேரம் பார்த்து லீவு போட்டுவிட்டது. வீ, மேக், திருப்பூர் என்றேன். அவன் வாக்கி டாக்கியை எடுத்தான். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், கடை மேலாளராக இருக்க வேண்டும், அவளும் வந்தாள். போலீஸ் என்ற சொல் மட்டும் எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. காவலாளியை அவர் பார்க்கவே இல்லை. டீ-ஷர்ட்டின் கையையும் உடம்பையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, அந்த வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அதை அப்படியே அந்த அம்மாளிடம் நீட்டினார். “ஸ்லீவ். பாடி. சேம் கலர்?” என்று கேட்டார்.

அந்த அம்மாள் வாங்கினாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். “நோ” என்றாள். “நாட் சேம்.” கையைத் தொட்டுக் காட்டி, நீலம் என்றாள். காவலாளியிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். அவன் பையை விட்டுவிட்டான். அதற்குள் தாரணி ஓடி வந்து கேட்டாள். அவள் பிறகு எனக்குச் சொன்னது இது: எங்கள் கடையில் இப்படி இரண்டு கலர் துணியை வைக்கவேமாட்டோம், அதனால் இது எங்களிடம் திருடியதாக இருக்க முடியாது, இவர்களைப் போகச் சொல் என்றாளாம் அந்த அம்மாள்.

டிசம்பரில் எங்களைக் கவிழ்த்துவிட்ட அதே டீ-ஷர்ட் கை இன்று எங்களைப் போலீஸிலிருந்து காப்பாற்றியது. இதற்குச் சிரிப்பதா என்று தெரியாமல் ரோட்டில் வந்து நின்றேன். அவர் ஆறு டீ-ஷர்ட்டையும் மடித்து, மடிப்பு பிசகாமல் பைக்குள் வைத்தார். எங்களுக்கு முன்னால் கப்பலைப் பார்த்து நடந்தார்.

மே 26, திங்கள்

ஜெனோவாவாம். அவர் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். ஜன்னல் இல்லாத அறை எடுத்தது எவ்வளவு நல்லது.

கப்பல் ஆடும்போது நாற்காலி நகராமல் இருக்க அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, நானும் அதில் உட்கார்ந்துகொண்டேன்.

மே 27, செவ்வாய்

நேப்பிள்ஸ். தாரணி மட்டும் இறங்கிப் போய் எனக்கு ஏதாவது துணி வாங்கிவரச் சொன்னேன். அவள் போகவில்லை. எங்கள் அறையிலேயே இருந்தாள். மூன்று பேரும் அந்த டிவியில் யாரோ சமைப்பதைப் பார்த்தோம். வெங்காயத்தை வதக்கவே இல்லை.

மே 28, புதன்

இரண்டு சேலையில் ஒன்றில் தக்காளிக் குழம்பு கொட்டிவிட்டது. இன்னொன்றின் ரவிக்கை நேற்று அலசியது, தாரணி சொன்னபடி காலையில் காய்ந்திருக்க வேண்டும், காயவில்லை. வேறு வழியில்லாமல் பாட்டில் கிரீன் எக்ஸ்எல் ஒன்றை எடுத்து மாட்டி, அதற்கு மேல் கடுகு நிறச் சேலையைக் கட்டினேன். எக்ஸ்எல் எனக்குப் போதவில்லை என்பது வேறு விஷயம். கண்ணாடியில் பார்த்தால் ஏதோ கட்சி மகளிர் அணித் தலைவி மாதிரி இருந்தேன்.

ஆனால் ஒன்று. சௌகரியமாக இருந்தது. கொக்கி இல்லை, பிடிப்பு இல்லை, கையைத் தூக்கினால் தூக்க முடிகிறது. சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு வெள்ளைக்காரிகள் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். பெட்டி நிறைய அதே டீ-ஷர்ட் இருப்பதால் இனிக் கவலையும் இல்லை. எதை எடுத்தாலும் எதோடும் சேருகிறது. மகள் போட்ட சட்டத்தைக் கடைசியில் அவள் அப்பாதான் நிறைவேற்றியிருக்கிறார்.

இதை அறைக்கு வந்து சத்தமாகச் சொன்னேன். சுவர்ப் பக்கம் படுத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தோள்பட்ட இழுக்குது. டபுள் எக்ஸ்எல் போடோணும் உனக்கு” என்றார்.

இந்த அவமானத்துக்கு நான் சந்தோஷப்பட்டேன் என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.

மே 29, வியாழன். மால்டா

இன்று இறங்கினார். ஊரைப் பார்க்கவில்லை. போகிற வருகிறவர்களின் சட்டையைப் பார்த்தார். ஐஸ்கிரீம் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஆளின் பனியன் ஓரத்தைப் பின்னாலிருந்து இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது நம்ம ஊருதான்” என்றார். அந்த ஆள் திரும்பினான். நான் ஐஸ்கிரீமைப் பார்த்தேன்.

தாரணி தலை குனிந்து நின்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். முழுக்கச் சிரிப்பில்லை.

மே 30, வெள்ளி. கடலில்

வெள்ளை விருந்து. மேல்தட்டு முழுக்க வெள்ளை வெளேரென்று ஜனம். சாயங்காலம் ஏழரைக்கும் நம் ஊர் மூன்று மணி வெயில். தாரணி வெள்ளைக் கவுன். நான் கடுகு நிறச் சேலைக்கு மேட்சாகப் பாட்டில் கிரீன். அவருக்காக அறையில் வேட்டி எடுத்து வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் பேண்டுக்கு மேல் பாட்டில் கிரீன் டீ-ஷர்ட்டோடு நிற்கிறார். வண்டி வண்டியாகத் தைத்து அனுப்பியிருக்கிறார், இந்த மனிதர் டீ-ஷர்ட் போட்டு இன்றுதான் பார்க்கிறேன். பேண்ட் யாருடையது என்று கேட்டேன். அறை சுத்தம் செய்யும் பையன் கோவாக்காரனாம், அவனுடையதாம். எப்போது சிநேகமானார்கள் என்று தெரியவில்லை.

இத்தனை வெள்ளைக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பச்சை. கம்பி ஓரம் போய் நின்றார். நான் வழக்கம்போல நடுவில் புகுந்தேன். அவர் என் கையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி, டீ-ஷர்ட்டின் கையைத் தோள்பட்டையோடு சேர்த்துப் பார்த்தார்.

“பாரு. ஒரே கலரு.”

“ஆமாங்க.”

“உள்ளார லைட்டுக்குப் போனா ரெண்டு கலரு.”

“ஆமாங்க.”

கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் டீ-ஷர்ட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்தப் பல்ப மாத்தியிருக்கோணும், புள்ள.”

இந்த ஒரு வாக்கியத்தை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று டிசம்பரிலிருந்து நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவரே சொல்லிவிட்டார்.

“ஊருக்குப் போனதும் மொதோ வேலையா அதை வாங்கோணும்” என்றார்.

“கம்பெனி பூட்டிக் கெடக்குதே. பல்பு எதுக்குங்க?”

“தொறக்கறதுக்கு முன்னால மாட்டிப்போடோணும்ல?” என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற பழைய எரிச்சலோடு. “நின்னு பாத்துட்டே இருக்கற. போ, ஒரு டீ கொண்டா. சக்கர தூக்கலா.”

டீ வைத்திருக்கும் இடம் மேல்தட்டின் அந்தக் கோடியில் இருக்கிறது. வழியெல்லாம் வெள்ளைக் கூட்டம். அவரைக் கம்பி ஓரம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தேன், பொய் எதற்கு, ஒரே ஒரு தடவை. பக்கத்தில் நின்ற வழுக்கைத் தலைக்காரரின் வெள்ளைச் சட்டைக் காலரைப் பிடித்து வெயிலில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டீக்குப் போட, பர்ஸில் பதுக்கி வைத்த சர்க்கரைப் பொட்டலத்தைத் தேடும்போது ஒரு சாவி கையில் தட்டுப்பட்டது. மொட்டை மாடிப் பூட்டின் சாவி. இதை எதற்கு ஐரோப்பாவுக்குத் தூக்கிவந்தேனோ. ஊருக்குப் போனதும் அந்தப் பூட்டைக் கழற்றிப் போட வேண்டும். இனிக் குரங்கு வராது என்று நினைக்கிறேன்.